துக்கத்தோடு தனியாக வண்டியில் கிளம்பியவரிடம் என்ன சொல்லி அனுப்பினீர்கள்?

குத்தாலம் மருந்துக்கடை:

மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது, எழுதிவிடுகிறேன். கும்பகோணம் – மயிலாடுதுறை ரோட்டில் கடை. மாசி மாத வெயில், மத்தியானம். ஸ்கூட்டரில் ஒரு அம்மா வந்து நின்றார்கள், ஐம்பது வயது இருக்கும். ஓஆர்எஸ் பாக்கெட்டும் தலைவலித் தைலமும் கேட்டார்கள். பின்சீட்டில் ஒரு பையைப் பழைய சேலைக் கிழிசலால் இறுக்கிக் கட்டியிருந்தது. பூம்புகார் இன்னும் எவ்வளவு தூரம் என்றார்கள். மாயவரம் போய்விட்டால் அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்றேன். எங்கிருந்து வருகிறீர்கள் என்றதற்குக் கல்லணை என்றார்கள்.

அப்புறம் நான் கேட்காமலே சொன்னார்கள். பையன் போய்விட்டான். கல்லணையில் ஆரம்பித்து ஆற்றோடு ஆறாகக் கடல் வரைக்கும் அம்மாவை வண்டியில் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தானாம், ஆடிப்பெருக்கு சமயத்தில். "ஆடி வரைக்கும் என்னால பொறுக்க முடியல தம்பி. தண்ணி இல்லாட்டி என்ன, ஆறு அங்கதான இருக்கு" என்றார்கள். ஜனவரி 28-ல் மேட்டூரைச் சாத்திவிட்டால் மாசியில் எங்கள் பக்கம் மணல்தான், உங்களுக்கே தெரியும். அந்த மணலைப் பார்த்துக்கொண்டே அத்தனை தூரம் வந்திருக்கிறார்கள்.

"திரும்பிடலாமான்னு இருக்கு. வீட்டுல போன் மேல போன்" என்றார்கள். "இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, இன்னும் கொஞ்சம்தாம்மா. மாயவரத்துல மணிக்கூண்டுகிட்ட கேளுங்க, வழி சொல்வாங்க" என்றேன். வண்டியைக் கிளப்பினார்கள். சைடு ஸ்டாண்டு எடுக்கவில்லை. நான் கடைக்குள்ளிருந்தே கத்தினேன், "அம்மா, ஸ்டாண்டு!"

சட்டென்று பிரேக் பிடித்துவிட்டார்கள். திரும்பிப் பார்க்கவில்லை. "அவனும் இப்படித்தான் கத்துவான்" என்றார்கள். ஸ்டாண்டை எடுத்துவிட்டு, ஹேண்டிலைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். கடையில் இரண்டு பேர் சீட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள், எனக்குக் கை ஓடவில்லை. பிறகு கிளம்பினார்கள், மாயவரம் பக்கம்தான். போய்ச் சேர்ந்தார்களா தெரியாது. தினமும் எத்தனையோ பேரிடம் "ஸ்டாண்டு" என்று கத்துகிறோம். இப்போது கத்தும்போதெல்லாம் அந்த அம்மாவின் முதுகுதான் தெரிகிறது.

உங்களுக்கு இப்படி யாராவது எதிர்ப்பட்டிருக்கிறார்களா? என்ன சொன்னீர்கள்?

வேதாரண்யம் உப்பளம்:

எங்கள் ஊர் வழியாக யாரும் வேறு ஊருக்குப் போவதில்லை, ரோடே கோடியக்கரையோடு முடிந்துவிடும். வருகிறவர்கள் வெளிமான் பார்க்க வருவார்கள், பூநாரை பார்க்க வருவார்கள், அமாவாசைக்குக் கடலாட வருவார்கள். அந்தப் பையன் இதில் எதற்கும் வரவில்லை. கோயம்புத்தூர் வண்டி. அகத்தியம்பள்ளி தூண் பக்கத்தில் பைக்கை நிறுத்திவிட்டு, 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளியது இங்கேதானா என்று கேட்டான். ஆமாம் என்றேன். பேச்சைத் தொடங்க அதைக் கேட்டிருக்கிறான். அடுத்து கேட்டதுதான் அவன் வந்த விஷயம். "லாரிக்கு உப்பு எங்கண்ணே ஏத்துவாங்க?"

அப்பா லாரி ஓட்டியவராம். கோடைக்கு இங்கே லோடு எடுக்க வருவாராம். கருமாதி முடிந்த கையோடு கிளம்பிவிட்டான். உப்பைக் குவித்து ஓலை போட்டு மூடியிருக்கும் மேட்டுப்பக்கம் கூட்டிப்போனேன். "லோடு ஏற ரொம்ப நேரமாகும் தம்பி, டிரைவருங்க எல்லாம் வண்டிக்கு அடியில நிழல்ல படுத்திருப்பாங்க, இந்த இடத்துலதான்" என்று சொன்னேன். சொல்லி வாயை மூடவில்லை, அவன் அந்த மண்ணில் மல்லாந்து படுத்துவிட்டான். லாரி இல்லை, நிழல் இல்லை, உச்சி வெயில். கூடை தூக்கி வந்த பெண்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள். எங்கள் ஜனம் எதையும் சும்மா விடாது, வாய் ஓயாது. அன்றைக்கு ஒருத்தர்கூட என்ன ஏது என்று கேட்கவில்லை.

எழுந்தான், முதுகில் ஒட்டியதைத் தட்டவில்லை, அப்படியே வண்டியில் ஏறினான். முத்துப்பேட்டைக்கு வழி கேட்டான், சொன்னேன். "நிதானமா போ" என்றேன். வேறு என்ன சொல்ல?

நாகை நர்ஸ்:

குத்தாலத்தாரே, கோபித்துக்கொள்ளாதீர்கள். "இன்னும் கொஞ்சம்தான்" என்று நீங்கள் அனுப்பியது எனக்குச் சரியாகப் படவில்லை. வீட்டிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது என்று நீங்களே எழுதுகிறீர்கள். அந்தப் போனை வாங்கி ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். ஸ்டாண்டு எடுக்க மறந்ததே அந்த அம்மாவின் கவனம் எங்கே இருந்தது என்பதற்கு அடையாளம்.

எங்கள் உறவில் ஒருவர், மனைவி தவறிய பிறகு இப்படித்தான் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எல்லோரும் "போய்ட்டு வாங்க, மனசு லேசாகும்" என்றார்கள். திருக்காட்டுப்பள்ளி தாண்டி ரோட்டில் காயப்போட்ட நெல்லில் வண்டி சறுக்கி முழங்கால் போனது. இன்றைக்கும் விந்தி விந்தித்தான் நடக்கிறார். அவரை வார்டில் பார்த்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நெல்லு கிடந்ததே என் கண்ணுல படலம்மா" என்றார். ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல், அதுவும் பட்டப்பகலில்!

அதனால் சொல்கிறேன், யாரையாவது அனுப்புவதென்றால் இதையெல்லாம் சொல்லி அனுப்புங்கள். துக்கத்தில் இருப்பவர்களுக்குத் தூக்கம் இருக்காது. ராத்திரி மாத்திரை போட்டுத் தூங்கியவர் என்றால் காலையில் அந்த மந்தம் தெளிந்த பிறகுதான் வண்டியைத் தொட வேண்டும். பசி தெரியாது, தாகமும் தெரியாது, அதனால் பசிக்கிறதோ இல்லையோ மணி பார்த்துச் சாப்பிட வேண்டும். அறுவடைக் காலத்தில் டெல்டா ரோடு வேறு மாதிரி இருக்கும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்கமாட்டார்கள், விவசாயிக்குக் களம் இல்லை, அவர் ரோட்டில்தான் கொட்டுவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நெல்லை அள்ளிய பிறகும் ஓரத்தில் வைத்த கல் அப்படியே கிடக்கும். ராத்திரியில் தார்ப்பாய் போட்டு மூடிய குவியல், ரோட்டின் நிறத்திலேயே இருக்கும். வைக்கோல் சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். அறுவடை இயந்திரம் பொழுது சாய்ந்து வயலை விட்டு ஏறும்போது பின்விளக்கு எரியும் என்று நம்பவே கூடாது. கோடை தொடங்கினால் வாத்துக்கூட்டம் வேறு, நூற்றுக்கணக்கில் ரோட்டைக் கடக்கும், மேய்ப்பவர் வந்து ஓட்டும் வரை நின்றுதான் ஆக வேண்டும். ஆற்றங்கரை ரோட்டில் எதிரே பஸ் வந்தால் இறங்கி ஒதுங்கக்கூட இடம் இருக்காது. விடியலில் கிளம்பி வெயில் ஏறுமுன் ஓரிடத்தில் தங்கி, நாலு மணிக்கு மேல் ஓட்டி, விளக்கு வைப்பதற்குள் நிறுத்திவிட வேண்டும். வீட்டில் யாராவது ஒருவருக்கு மட்டும் ஒவ்வொரு ஊரிலும் பேச வேண்டும், பத்துப் பேருக்கு இல்லை. மனசு ரொம்பக் கனத்தால் 14416-க்குக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள். அடிபட்டால் 108. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வண்டிச் சாவியோடு கொடுங்கள்.

தஞ்சாவூர்க்காரி:

நர்ஸம்மா, நீங்கள் எழுதிய ரோட்டு விஷயம் அத்தனையும் உண்மை. ஆனால் போனை வாங்கி வீட்டாரிடம் பேசியிருக்கலாம் என்கிறீர்களே, அதில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை. நானும் வீட்டார் தடுக்கத் தடுக்கக் கிளம்பியவள், அதனால் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் இறந்து தலைத்திவசம்கூட ஆகவில்லை. காரை எடுத்துக்கொண்டு நாகூர், வேளாங்கண்ணி போகிறேன் என்றேன். வருஷம் திரும்புவதற்குள் பெண்பிள்ளை தனியாகவா என்று இரண்டு பக்க உறவும் கூடிவிட்டது. பதினாறாம் நாளிலிருந்து என்னைத் தனியாக இருக்க விட்டதே கிடையாது. குளிக்கப் போனால்கூட வெளியே ஒருத்தி நிற்பாள். எல்லோரும் அன்பாகத்தான் செய்தார்கள். எனக்கு மூச்சு முட்டியது.

துக்க வீட்டில் யாரும் "போயிட்டு வரேன்" சொல்ல மாட்டார்கள், இல்லையா? சொல்லாமல்தான் எழுந்து போவார்கள். அத்தனை மாதமாக என் காதில் அந்த வார்த்தையே விழவில்லை. அன்றைக்கு விடிகாலையில் என் மாமியார் தண்ணீர் பாட்டிலைக் கார் சீட்டில் வைத்துவிட்டு, தெருவே கேட்கிற மாதிரி "போயிட்டு வா தாயி" என்றார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள். எதிர்வீட்டு அம்மாள் கோலமாவோடு அப்படியே நின்றுவிட்டார். அந்தக் குரலில்தான் நான் திருவாரூர் வரைக்கும் ஓட்டினேன்.

போன இடத்தில் ஒரு விடுதியில் தனியாக வந்த பெண்ணுக்கு ரூம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதைப் பேசி என்ன ஆகப் போகிறது. நாகூர் தர்காவில் யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை, வேண்டிய மட்டும் உட்கார்ந்திருந்தேன். வேளாங்கண்ணியில் மெழுகுவத்தி விற்கிற அம்மா என் வெறும் நெற்றியைப் பார்த்திருக்கிறார். 2004 டிசம்பர் 26 அன்று அவர் வீட்டில் இரண்டு பேரைக் கடல் கொண்டுபோனதாம். "வந்த வழியே திரும்பிப் போவாத. அழுத இடமெல்லாம் மறுபடி எதிர்ல வரும். திருத்துறைப்பூண்டி, மன்னார்குடின்னு போ" என்றார். அப்படியே போனேன். வடுவூர் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, வீட்டிலிருந்து கொண்டுவந்த புளிச்சோற்றை முழுசாகச் சாப்பிட்டேன். அவர் போன பிறகு பசித்துச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

குத்தாலத்தார் செய்தது சரி. அந்த அம்மா திரும்பலாமா என்று கேட்டது அனுமதிக்காக இல்லை. போ என்று ஒரு குரல் வேண்டியிருந்தது.

திருவையாறு பஞ்சர் கடை:

நான் அதிகம் எழுதத் தெரியாதவன். புஷ்ய மண்டபப் படித்துறையில் அஸ்தி கரைக்க வருகிறவர்கள் வண்டி நம் கடைக்கு அடிக்கடி வரும். ஒருத்தர் தனியாக வந்தார், கலயத்தைத் துணியில் சுற்றிப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக் கட்டியிருந்தார். அவர் அம்மா. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் கொஞ்சம் கரைத்தாராம், இங்கே கொஞ்சம், மீதி கடலில் என்றார். செயின் தொங்கிக்கொண்டிருந்தது. இறுக்க வேண்டும், கலயத்தை இறக்கி வையுங்கள் என்றேன். வைக்க மனசில்லாமல் அங்கும் இங்கும் பார்த்தார். தரையெல்லாம் கிரீஸ், எண்ணெய். நான் உட்கார்கிற ஸ்டூலைத் துடைத்துக் கொடுத்தேன். வேலை முடிகிற வரைக்கும் நான் குத்துக்காலிட்டுத்தான் செய்தேன், ஸ்டூலில் அந்த அம்மா இருந்தார்கள். கிளம்பும்போது, "கும்பகோணம் வரைக்கும் கூட வர்றீங்களாண்ணே?" என்றார். கடையைச் சாத்திவிட்டுப் போனேன். முன்னால் நான், பின்னால் அவர். பேச்சே இல்லை. அவ்வளவுதான்.

நாகை நர்ஸ்:

தஞ்சாவூர்க்காரி, உங்கள் மாமியார் உங்களை நன்றாக அறிந்தவர். அவர் சொல்லலாம். மருந்துக்கடைக்காரர் அந்த அம்மாவைப் பார்த்ததே பத்து நிமிஷம். எந்த மனநிலையில் இருக்கிறார் என்று எப்படித் தெரியும்? என் கவலை அது ஒன்றுதான். பஞ்சர் கடைத் தம்பி செய்தது மாதிரி கூடவே கொஞ்ச தூரம் போனால் எனக்கு ஆட்சேபணையே இல்லை.

குத்தாலம் மருந்துக்கடை:

நீங்கள் சொல்வது புரிகிறது நர்ஸம்மா. முன்பின் தெரியாத ஆள், போனைக் கொடுங்கள் என்று எப்படிக் கேட்பது? கடை பில்லில் என் நம்பர் இருக்கிறது, அதைத்தான் கொடுத்தேன். அந்த அம்மா நாலாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார்கள்.

பட்டுக்கோட்டை:

எல்லோரும் சண்டையை நிறுத்திவிட்டு எனக்கு ஒரு உதவி செய்யுங்கள். என் தங்கச்சி போய் ஆறு மாதம் ஆகப் போகிறது. மாப்பிள்ளை சனிக்கிழமை கல்லணையில் கிளம்பிக் கரையோடு கும்பகோணம், பிறகு தரங்கம்பாடி போகிறாராம், தனியாக. தடுப்பதாக இல்லை. நானே வண்டியைச் சர்வீஸுக்கு விட்டு எடுத்துவந்தேன். நெல் எங்கே காய்கிறது, எந்தக் கரை நல்லது?

திருவையாறு பஞ்சர் கடை:

வடகரையில் கபிஸ்தலம் தாண்டி இரண்டு இடத்தில் காய்கிறது, நேற்றுப் பார்த்தேன். ஏழு மணிக்குள் தாண்டிவிட்டால் கொட்டியிருக்க மாட்டார்கள். பாபநாசம் வழி என்றால் லாரி அதிகம், வேண்டாம். திருவையாறில் பாலம் ஏறி இறங்கியதும் யாரைக் கேட்டாலும் கடை சொல்வார்கள். காற்று பார்த்து அனுப்புகிறேன், கும்பகோணம் தாண்டும் வரை நானும் வருகிறேன்.

நாகை நர்ஸ்:

தரங்கம்பாடி கோட்டை வாசலுக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் வந்துவிடுகிறேன். ராத்திரி மாத்திரை எதுவும் போடுகிறாரா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டு எழுதுங்கள்.