கிற்றாரோடு திரிந்த அந்தப் பொடியனை நீங்கள் எங்கே கண்டீர்கள்?

திருகோணமலைக்காரர் பலருக்கு அவனைத் தெரிந்திருக்கும். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தமிழில் ரொக் பாடுகிற பொடியன். இப்போது கொழும்பில் மேடை கிடைக்கிறது. பெயர் போட வேண்டாம், அவனுக்கு அது பிடிக்காது. ஆரம்ப நாட்களில் அவனைக் கண்டவர்கள் எழுதுங்கள். புகழ்ந்து தள்ளாமல் நடந்ததைச் சொன்னால் போதும்.

உப்புவெளியில் இருந்து

கடற்கரை விடுதி ஒன்றில் வேலை செய்தேன். எங்களுக்கு சீசன் மே முதல் செப்டெம்பர் வரைதான். மாரி தொடங்கினால் கதிரைகளை உள்ளே அடுக்கிவிடுவோம். ஒரு சீசன் முழுக்க வெள்ளிக்கிழமை இரவுகளில் அவன்தான் பாடினான். முதலாளி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: வெள்ளைக்காரருக்குத் தெரிந்த ஆங்கிலப் பாட்டு மட்டும். சம்பளமும் இரவுச் சாப்பாடும் என்று பேச்சு. சாப்பாடு ஒழுங்காக வந்தது, காசுதான் இழுபட்டது.

முதலாளி வீட்டுக்குப் போன பிறகுதான் உண்மையான கச்சேரி. கோப்பை கழுவுகிறவர்கள், சமையல்காரர், நாங்கள் எல்லாரும் மணலில் வந்து குந்துவோம். அப்போது தன் பாட்டை எடுப்பான். ஒரு நாள் சமையல்கார அண்ணை, "தம்பி, நடுவில ஒரு துண்டு இழுக்குது, அதை வெட்டிவிடு" என்றார். முகம் கறுத்துப் போனது. ஆனால் அடுத்த கிழமை வெட்டிக்கொண்டு வந்தான். இன்றைக்குக் கொழும்பில் எல்லாரும் சேர்ந்து பாடுகிறார்களே, அந்தப் பாட்டுத்தான். தனக்கும் ஒரு பங்கு வர வேண்டும் என்று அண்ணை இன்னும் சொல்லித் திரிகிறார்.

கிற்றார் திருத்துகிறவன், டவுன் பக்கம்

இந்த ஊரில் கிற்றார்க் கம்பிக்கு ஆயுசு குறைவு. உப்புக் காற்று. சுற்றில்லாத மெல்லிய உருக்குக் கம்பிகள் முதலில் துருப்பிடிக்கும், சுற்றுக் கம்பிகளில் சத்தம் மந்தமாகும். முழு செட் வாங்கக் காசில்லாமல் முதலாம் கம்பியை மட்டும் தனியாகக் கேட்டு வருவான். வாசித்து முடிந்ததும் பழைய சாரத்துணியால் ஒவ்வொரு கம்பியாகத் துடைத்து வை என்று சொல்லிக் கொடுத்தேன். ஒழுங்காகச் செய்தான், அதன் பிறகு கடைக்கு வருவது குறைந்தது. எனக்குத்தான் நட்டம்.

ஒன்று சொல்ல வேண்டும். சொந்தப் பாட்டுப் பாடுவது இவனோடுதான் தொடங்கியது போல இளம் ஆட்கள் கதைக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பரமேஸ்–கோணேஸ் சகோதரர்கள் அந்தக் காலத்திலேயே சொந்தப் பாட்டை இசைத்தட்டாகப் போட்டவர்கள். அவனுக்கு அது தெரியும்.

ஓர்ஸ் ஹில் அக்கா

2022 மார்ச் கடைசியில் ஒரு நாள் 13 மணி நேரம் கரண்ட் வெட்டினார்கள், நினைவிருக்கும். ஊரே திட்டிக்கொண்டிருக்க இவன் சந்தோசமாகத் திரிந்தான். ஃபேன் இரைச்சல் இல்லை, பக்கத்து வீட்டு டிவி இல்லை, தண்ணீர் மோட்டர் இல்லை. எங்கள் வான் டீசல் கிடைக்காமல் ஒழுங்கையில் நின்றது. "அக்கா, சாவியைத் தாங்கோ" என்று வந்தான். கண்ணாடிகளை ஏற்றி, தலையணையும் போர்வையும் அடைத்து, பின் சீட்டில் இருந்து போனில் பதிவு செய்தான். அந்த வெயிலில்! ஒரு பாட்டுக்கு இடையில் சேர்ட் பிழியும் அளவுக்கு வேர்த்துக் கதவைத் திறப்பான், ஒரு செம்பு தண்ணீர் குடிப்பான், திரும்ப ஏறுவான். முதன்முதலில் இணையத்தில் போட்டது அந்த வான் பதிவுகளைத்தான். காதைக் கூர்மையாக்கிக் கேட்டால் ஒன்றில் எங்கள் வீட்டுச் சேவலும் கூவும்.

கொழும்பில் இருக்கும் திருமலைக்காரி

அக்கா, வான் கதை எனக்கு வில் டொலிடோவை நினைவுபடுத்துகிறது. அமெரிக்காவில் வேர்ஜினியாக்காரர். காரின் பின் சீட்டில் இருந்து பாடிப் பதிந்ததால்தான் தன் இசைக்கு 'கார் சீட் ஹெட்ரெஸ்ட்' என்று பெயர் வைத்தார். 2010இல் இருந்து, பாடகர்கள் தங்கள் பாட்டைத் தாங்களே போட்டு விற்கிற பாண்ட்காம்ப் தளத்தில் ஆல்பம் ஆல்பமாகத் தானே போட்டார், மட்டடோர் என்ற இசை வெளியீட்டு நிறுவனம் ஒப்பந்தக் கையெழுத்து வாங்கியது 2015இல். அங்கே அப்படித் தேடி வர ஒரு நிறுவனம் இருந்தது. இங்கே யார் வருவார்? இணையத்தில் பாட்டுக் கேட்கிற ஸ்பொட்டிஃபை செயலி இலங்கைக்கு வந்ததே 2021இல். அதிலும் 2024 முதல், 12 மாதத்தில் 1,000 தடவை கேட்கப்படாத பாட்டுக்கு ஒரு சதமும் கிடையாது. தமிழில் புதிதாக எழுதிப் பாடுகிற ஒருவனுக்கு அந்த 1,000 லேசுப்பட்டதில்லை. அவனுக்குச் சோறு போட்டது ஹோட்டல் பாட்டும் கலியாண வீடும்தான்.

சீனக்குடா

கலியாண வீடு மட்டுமா, எங்கள் மருமகளின் சாமத்திய வீட்டுக்கும் வந்தான். சினிமாப் பாட்டுக் கேட்டோம், குறை சொல்ல முடியாமல் பாடினான். சனம் ஐஸ்கிரீமுக்கு எழும்பிய இடைவெளியில் தன் பாட்டு ஒன்றைச் செருகினான். யாரும் கவனிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் பிடிக்கவில்லை, இன்றைக்கும் அவ்வளவு பிடிக்காது. வரிகள் நல்லம், குரல் எல்லாப் பாட்டிலும் ஒரே மாதிரி. ஆனால் பேசிய காசுக்கு மேல் ஒரு ரூபாய் கேட்கவில்லை.

உப்புவெளியில் இருந்து

குரல் பற்றி அண்ணையும் இதையேதான் சொன்னார். சரி, அடுத்து ஊரில் எப்போது பாடுகிறான்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், விடுதிப் பழைய ஆட்கள் எல்லாரும் சேர்ந்து வருகிறோம். அக்கா, அந்த வான் இப்போது ஓடுகிறதா?