புதுப்பிப்பு: ஆழ்கடல் சோனார் படத்தின் ஓரங்கள் வளைந்தது ஏன்?

இந்தியப் பெருங்கடலில் எடுத்த பல்கற்றை சோனார் (விசிறிபோல் பல ஒலிக்கற்றைகளைக் கீழே அனுப்பி, எதிரொலியைக் கொண்டு ஆழத்தை அளக்கும் கருவி) தரவுகளில், தட்டையான கடற்படுகையின் இரு ஓரங்களும் மேல்நோக்கி வளைந்து தெரிவதாகச் சென்ற மாதம் இங்கே எழுதியிருந்தேன். நீரின் ஒலிவேகத்தைப் பார்க்கும்படி பலர் சொன்னீர்கள். காரணம் அதுவேதான்.

கப்பல் சிங்கப்பூர் திரும்பியபின் பதிவுகளை ஒப்பிட்டோம். மெல்லிய செப்புக் கம்பியை அவிழ்த்துக்கொண்டே மூழ்கும் வெப்பநிலை உணரியைக் கடைசியாகப் போட்ட இடத்திற்கு அப்பால், கப்பல் வெப்பநிலையும் அதனால் ஒலிவேகமும் வேறுபட்ட இன்னொரு நீர்த்திரளுக்குள் நுழைந்திருந்தது. நேர்கீழே செல்லும் கற்றை பெரும்பாலும் வளைவதில்லை. ஆனால் 60 பாகை சாய்ந்து செல்லும் ஓரக் கற்றைகள் ஒவ்வொரு நீரடுக்கிலும் விலகுவதால், வேகத்தில் உள்ள சிறு வேறுபாடும் 4,000 மீட்டர் ஆழத்தில் பெரிதாகிவிடுகிறது. ஆழத்துக்கேற்ப ஒலிவேகம் மாறுவதைக் காட்டும் புதிய வரைவைக் கொண்டு மறுபடி கணக்கிட்டதும் ஓரங்கள் தட்டையாயின.

நம் துறைமுக அளவைப் படகுகளின் சோனாரையே ஆழ்கடலிலும் பயன்படுத்தலாமே என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். அந்தச் சோனார் எழுப்பும் 400 கிலோஹெர்ட்ஸ் ஒலியைக் கடல்நீர் சில நூறு மீட்டருக்குள் உறிஞ்சிவிடும். ஆழ்கடலுக்கு 12 கிலோஹெர்ட்ஸ் தேவை. அந்த அலைநீளத்தில் ஒரு பாகைக் கற்றையை உருவாக்க, கப்பலின் அடிப்பகுதியில் பல மீட்டர் நீள உணரி வரிசை வேண்டும். அப்படியும் 4,000 மீட்டரில் ஒரு கற்றை சுமார் 70 மீட்டர் அகலத் தரையை மூடும், எதிரொலி திரும்ப ஐந்து விநாடிக்கு மேலாகும். இந்தப் பொறுமையான வேலையை நான் மிகவும் மதிக்கிறேன்.

மீதமுள்ள தடங்களையும் இதே முறையில் திருத்தி வருகிறோம்.