என்சிசி பரேடில் 'தம்' (நில்) சொன்னால் பாதிப் பேர் நிற்கிறார்கள், பாதிப் பேர் நடக்கிறார்கள். என்ன செய்யலாம்?

கோபி வாத்தியார்:
வணக்கங்க. கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் வேலை. இந்த வருஷம் என்சிசி ட்ரூப்பை (மாணவர் படைப் பிரிவை) என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள், அதற்காக ஆசிரியர்களுக்கு நாக்பூர் பக்கம் காம்டியில் நடக்கும் பயிற்சிக்கு நான் இன்னும் போகவில்லை. பட்டாலியனிலிருந்து உஸ்தாத் (பயிற்சி தரும் ராணுவக்காரர்) வருகிற நாளில் பசங்க அருமையாக நடக்கிறார்கள், அவர் போனதும் எல்லாம் குலைந்துவிடுகிறது. போன ஆகஸ்ட் 15 அன்று ஊர்க்காரர்கள் முன்னால் 'தம்' சொன்னதும் முன் வரிசை நின்றுவிட்டது, பின் வரிசை வந்து மோதியது. அதற்கு முன்பே ஒரு பையன் சாவ்தானில் (அட்டென்ஷனில்) நின்றபடி மயங்கி விழுந்தான். மனசே சரியில்லைங்க. ஜனவரி 26க்குள் சரிசெய்ய வேண்டும். இந்தி வார்த்தை புரியாததுதான் காரணமோ, தமிழிலேயே சொல்லிக் கொடுத்தால் தேவலையோ என்றும் தோன்றுகிறது.

சூலூர் முன்னாள் ஹவில்தார்:
சார், கமாண்ட் கொடுப்பது யாருங்க? சீனியர் பையன்தானே? அப்படியானால் மற்ற பசங்களின் காலை விட்டுவிட்டு முதலில் அவன் வாயைப் பாருங்கள். நான் வெலிங்டனில் ரெக்ரூட்டாக இருந்தபோது எங்களுக்கு அடித்துச் சொன்னது இதுதான்: ஸ்குவாட் (அணி) தப்பு செய்தால் பாதித் தப்பு கமாண்ட் கொடுத்தவனுடையது. 'தம்' என்பது இடது கால் தரையில் படும்போது விழ வேண்டும். வலது காலில் விழுந்தால் கூர்மையாகக் கேட்கிற பையன் ஒரு கணக்கில் நிற்பான், பழக்கத்தில் போகிறவன் இன்னொரு கணக்கில் நிற்பான். மோதாமல் என்ன செய்வார்கள்? சரியாக விழுந்தால் அடுத்த வலது காலுக்குக் 'காலி' (வெறும் அடி), இடதுக்கு 'ஏக்' (ஒன்று), வலதுக்குத் 'தோ' (இரண்டு), அதோடு நிற்க வேண்டும். ஒரு மாதம் இதைப் பசங்க வாய்விட்டுக் கத்தட்டும், கூச்சப்பட விடாதீர்கள்.

இன்னொன்று, வலப்பக்கம் திரும்பச் சொல்லும்போது 'தாஹினே' என்று இழுத்துவிட்டு, ஒரு மூச்சு இடைவெளி விட்டு, அப்புறம் 'முட்' என்று வெட்ட வேண்டும். இந்தக் காலத்துப் பசங்க இரண்டையும் ஒட்டிச் சொல்லிவிடுகிறார்கள், திரும்புகிறவனுக்கு உடம்பைத் தயார் செய்ய நேரமே இல்லை. சத்தம் வயிற்றிலிருந்து வரட்டும், தொண்டையிலிருந்து கத்தினால் இரண்டாம் நாளே குரல் போய்விடும்.

தேஸ் சல்லுக்கு, அதாவது வேக நடைக்கு, ராணுவக் கணக்கு நிமிஷத்துக்கு 120 அடி, ஓர் அடிக்கு 30 அங்குலம். எட்டாம் வகுப்புப் பொடுசுகளால் 30 அங்குலம் எட்டி வைக்க முடியாது. வற்புறுத்தினால் குதிப்பார்கள், வரிசை போய்விடும். அடி சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, எல்லோருக்கும் ஒரே அளவாக இருக்கட்டும்.

பொள்ளாச்சி சீனியர் விங்:
அண்ணா சொன்னது அத்தனையும் உண்மைங்க. மயங்கி விழுந்த பையனைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். நானே ஒரு முகாமில் அப்படி விழுந்திருக்கிறேன். முட்டியை இறுக்கிப் பூட்டிக்கொண்டு அசையாமல் நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கி மூளைக்குக் குறைகிறது, அதிலும் காலையில் சாப்பிடாமல் வந்திருந்தால் கேட்கவே வேண்டாம். முந்தின நாளே நிறையத் தண்ணீர், காலையில் இரண்டு இட்லியாவது, பூட்ஸுக்குள் கால்விரல்களை மடக்கி விரித்தபடி இருப்பது, இவ்வளவு போதும். வெளியே யாருக்கும் தெரியாது. தலை சுற்றுகிறது என்று ஒருவன் சொன்னால் உடனே உட்கார வையுங்கள். அது அவமானம் இல்லை என்று நீங்களே ட்ரூப் முன்னால் சொல்ல வேண்டும் சார், நீங்கள் சொன்னால்தான் பிள்ளைகள் வாயைத் திறப்பார்கள்.

காங்கேயம் கேடட்:
தமிழில் கமாண்ட் கொடுப்பது பற்றி. இது பழைய கேள்வி. 1968இல் மாணவர்கள் இந்தியை எதிர்த்துப் போராடியபோது என்சிசியில் இந்திக் கட்டளை கூடாது என்பதும் கோரிக்கைகளில் ஒன்று. அந்த உணர்வை நான் மதிக்கிறேன். ஆனால் என்சிசியின் ஏ சர்டிபிகேட் டிரில் தேர்வில் பசங்க காதில் விழப்போவது 'பீச்சே முட்' (பின்னால் திரும்பு) தான். அர்த்தத்தைத் தமிழில் விளக்குங்கள், கட்டளையை அப்படியே வையுங்கள்.

தாளம் வரவில்லை என்றால் ஒன்று செய்து பாருங்கள் சார். உங்கள் பசங்களில் வள்ளி கும்மி (நம் கொங்குப் பக்கத்துக் கூட்டு நடனம்) ஆடுகிறவர்கள் கட்டாயம் இருப்பார்கள். ஆசிரியர் பாட்டை எடுத்ததும் நூறு பேர் கால் ஒன்றாக விழுகிறதே, அங்கே யாரும் பக்கத்து ஆளைப் பார்த்து ஆடுவதில்லை, காதால் ஆடுகிறார்கள். அந்தப் பிள்ளைகளை ஸ்குவாடில் ஆங்காங்கே நிறுத்துங்கள்.

கோபி வாத்தியார்:
எல்லோருக்கும் நன்றிங்க. நேற்று சாயங்காலம் சார்ஜன்ட் பையனைத் தனியாக நடக்கவிட்டு, அவன் நடைக்கு அவனையே 'தம்' சொல்லச் சொன்னேன். பத்தில் ஆறு முறை வலது காலில் சொன்னான். பையனுக்கே அதிர்ச்சி. இன்றைக்கு இடது பூட்ஸில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டு வந்து நிற்கிறான்.