விபத்து அறிக்கையில் எழுதாமல் விட்டது: உங்களுக்கும் இப்படி நேர்ந்ததா?

வளைவுப்பாதை:
அந்த வளைவில் பைக்கில் வந்த பையன் விழுந்ததை நேரில் பார்த்தது நான் ஒருத்திதான். ஆம்புலன்ஸ் போன பிறகு காவலர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "வேகமா வந்தாரா?" ஆமாம் என்றேன். வேகமாகத்தான் வந்தான். "அதிவேகம், கவனக்குறைவு" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் அடியில் பொடி ஜல்லி அப்பியிருந்ததைப் பார்த்தேன். வளைவு முழுக்க அது சிதறிக் கிடந்தது. அவனைத் தூக்கியபோது உள்ளங்கையிலும் அதுதான் பதிந்திருந்தது. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்றே வாரத்தில் அதே இடத்தில் இன்னொருவர் விழுந்தார். அதிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

இரவுப்பணி:
நான் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். சைக்கிளிலிருந்து தானாக விழுந்து வருகிறவர்களைப் பதிவேட்டில் "கீழே விழுந்து காயம்" என்றுதான் எழுதுவோம். மாடிப்படியில் விழுந்தவருக்கும் அதே வரிதான். எங்கே விழுந்தார் என்று கேட்கும் கட்டமே கிடையாது. மோதிய வண்டி என்று ஒன்று இல்லாததால் போலீசுக்கும் போகாது.

ஒரு நாள் மணிக்கட்டு உடைந்து வந்த அம்மா, பக்கத்துக் கட்டிலில் தாடை கிழிந்து கிடந்த பையனைப் பார்த்து, "நீயும் அந்தச் சாக்கடைக் கம்பிமூடியிலயா?" என்று கேட்டார். அவன் தலையாட்டினான். கம்பிகள் வண்டி போகும் திசையிலேயே இருந்ததால் சக்கரம் இடுக்கில் இறங்கியிருக்கிறது. இருவரையும் பதிவேட்டில் ஏற்றியவள் நான். அவர்கள் பேசிக்கொள்ளும்வரை எனக்கு அது தெரியவில்லை. ஸ்வீடனில் போலீஸ் தகவலையும் மருத்துவமனைத் தகவலையும் ஸ்ட்ராடா என்ற ஒரே பதிவில் சேர்க்கிறார்கள். இந்த மாதிரி சைக்கிள் விபத்துகள் அங்கே கணக்கில் ஏறுவது பெரும்பாலும் மருத்துவமனை வழியாகத்தான்.

கடைசிமகள்:
அப்பா விபத்து நடந்த 34-ஆம் நாள் இறந்தார். 30 நாளுக்குள் இறந்தால்தான் சாலை விபத்து மரணம் என்பது பல நாடுகள் பின்பற்றும் வரையறை. அதனால் அந்த ஆண்டுக் கணக்கில் அவர் "படுகாயம்". விவரம் கேட்கப் போனபோது எழுத்தர் என் எதிரிலேயே விரல்விட்டு நாட்களை எண்ணினார். அந்த விரல்கள்தான் இன்னும் கண்ணில் நிற்கின்றன.

வரைபடக்காரன்:
வளைவுப்பாதை, உங்கள்மேல் கோபமில்லை. ஆனாலும் ஜல்லியைச் சொல்லி வேகத்தை ஒதுக்கிவிடாதீர்கள். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். காவலர் எழுதியது தப்பில்லை, குறைவாக எழுதியிருக்கிறார்.

என் அனுபவம் சின்னது. விபத்து நடந்த இடங்களை வரைபடத்தில் புள்ளியாக வைக்கும் வேலை பார்த்தேன். ஓரிடத்தில் புள்ளிகள் குவிந்திருந்தன. மோசமான சந்திப்பு போல என்று நேரில் போனோம். அது காவல் நிலைய வாசல். காவலர்கள் நிலையத்துக்குத் திரும்பி வந்து விவரம் ஏற்றியபோது, இடம் குறிக்கும் கருவி விபத்து நடந்த இடத்தை விட்டுவிட்டு அந்த வாசலையே பிடித்துக்கொண்டிருக்கிறது.

அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன். சாட்சி சொல்லும்போது காரணத்தை விடுங்கள், கண்டதைச் சொல்லுங்கள். முதலில் இடம். "பாலத்துக்குப் பக்கத்தில்" என்றால் எந்தப் பக்கம்? கிலோமீட்டர் கல், மின்கம்பத்தின் எண் என்று நகராத ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள். அப்புறம் வண்டி எந்தத் திசையில் வந்தது, எங்கே திரும்பப் பார்த்தது. தெருவிளக்கு எரிந்ததா? கம்பம் இருந்தது என்பது இதற்குப் பதிலாகாது. தரையில் ஈரமா, எண்ணெயா, மண்ணா? எச்சரிக்கைப் பலகையைக் கிளை மறைத்ததா? காயம்பட்டவரைக் கவனித்து ஆள் வந்த பிறகு தூரத்திலிருந்து ஒரு படம், கிட்டத்தில் ஒரு படம் எடுங்கள். முகம் வேண்டாம், தரை வேண்டும். ஒரு வளைவில் விழுந்த ஐந்து பேருக்கும் "கவனக்குறைவு" என்று எழுதினால் சாலைப் பொறியாளருக்கு அதில் செய்ய ஒன்றுமே இல்லை. ஐந்திலும் "மழை, இடப்பக்கம் திரும்பும்போது வழுக்கல்" என்று இருந்தால் எங்கே கைவைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். யார்மேல் தப்பு என்று முடிவு செய்வதற்கு மட்டும்தான் அறிக்கை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

நெடுந்தூரம்:
வரைபடக்காரரே, விபத்து நடந்தால்தானே உங்கள் புள்ளி? நான் பேருந்து ஓட்டுகிறவன். ஓரமாக நின்ற லாரிக்குப் பின்னாலிருந்து ஒரு குழந்தை பந்தைத் துரத்திக்கொண்டு வந்தது. பிரேக் பிடித்து நின்றபோது பம்பருக்கும் அதற்கும் நடுவே ஒரு முழம். பந்தை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனது. என் கால் மிதித்தது மிதித்தபடியே இருந்தது, எடுக்க வரவில்லை. அந்த லாரி தினமும் அங்கேதான் நிற்கிறது என்று பணிமனையில் சொன்னேன். "ஒண்ணும் ஆகலையே, விடுங்க" என்றார்கள்.

அமெரிக்காவில் விமான ஓட்டிகளுக்கு 1976 முதல் இதற்கென்றே ஓர் ஏற்பாடு இருக்கிறது. நூலிழையில் தப்பியதை எழுதி அனுப்பினால் நாசா பெயரை நீக்கிவிட்டுத் தகவலை மட்டும் எடுத்துக்கொள்கிறது. எங்களுக்கு அப்படி எழுத ஒரு தாள்கூட இல்லை.

வளைவுப்பாதை:
வேகத்தை நான் மறுக்கவே இல்லை. கம்பத்தின் எண்ணைச் சொன்னீர்களே, இன்று காலை போய்ப் பார்த்தேன். வளைவில் இருக்கும் கம்பத்தில் எண் அழிந்துபோயிருக்கிறது. அதற்கு முந்தைய கம்பத்தில் இருக்கிறது. அங்கிருந்து 62 எட்டு. அதையும் படத்தையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஜல்லி இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது.