கரண்ட் போனா பைப்லைன்ல டமார்னு அடிக்குது, ரிலீஃப் வால்வ் போட்டா போதுமா?

பிறை_பம்ப்ரூம்:
வணக்கம் அண்ணன்மாரே. பினாங்கு, பிறையில ஒரு ஃபேக்டரியில மெயின்டனன்ஸ் பாக்குறேன். கீழ டேங்க்ல இருந்து மேட்டு டேங்க்குக்குத் தண்ணி ஏத்துறோம், 300 எம்எம் ஸ்டீல் பைப், நீளம் 1.8 கிலோமீட்டர், தண்ணி வேகம் செகண்டுக்கு 1.5 மீட்டர், கேஜ் 6 பார் காட்டும். இடி மழையில கரண்ட் டிரிப் ஆனா பம்ப் நின்னு மூணு நாலு செகண்ட்ல டமார்னு ஒரு அடி, செக் வால்வ் (தண்ணி பம்புக்குத் திரும்பாம தடுக்குற வால்வ்) பக்கத்து கிளாம்ப் போல்ட் லூசாயி கான்கிரீட்ல வெடிப்பு விட்டிருக்கு, கேஸ்கெட்டும் கசியுது. ஃபிளேஞ்ச் (பைப் இணைக்கிற வட்டத் தகடு) எல்லாம் பிஎன்16, அதாவது 16 பார் ரேட்டிங். கான்ட்ராக்டர் ரிலீஃப் வால்வ் ஒன்னு போட்டா சரியாயிடும்ங்கிறாரு. ஆளுங்க நடமாடுற இடம்ணே, பயமா இருக்கு.

கிள்ளான்_லைன்மேன்:
தம்பி, இந்த அடியில ப்ரெஷர் எவ்வளவு மாறும்னு ரஷ்ய விஞ்ஞானி ஜூகோவ்ஸ்கி 1898லயே கணக்கு போட்டு வச்சிட்டாரு. அடர்த்தி, அலை வேகம், தண்ணி வேகம் மாறுற அளவு, மூணையும் பெருக்கணும். ஸ்டீல் பைப்ல அலை செகண்டுக்கு 1200 மீட்டர் கிட்ட ஓடும்னு வச்சிக்கங்க, 1000 × 1200 × 1.5 = 18 லட்சம் பாஸ்கல், அதாவது 18 பார். பிஎன்16க்கு அதுவே அதிகம்.
ஆனா கரண்ட் போனா ப்ரெஷர் மொதல்ல ஏறாது, விழும். பம்ப் நின்னாலும் லைன்ல உள்ள தண்ணி மேல போயிக்கிட்டேதான் இருக்கும், பின்னாடி தள்ள ஒன்னும் இல்ல, உள்ள வேக்குவம் விழுந்து தண்ணி ஆவியாகி நடுவுல இடைவெளி வந்துடும், அப்புறம் போன தண்ணி திரும்பி வந்து அதை மூடும்போதுதான் அந்த அடி. அலை போயிட்டு வர 3 செகண்ட் ஆகும், நீங்க சொல்ற நேரத்தோட ஒத்துப்போகுது பாருங்க. ரிலீஃப் வால்வ் ப்ரெஷர் ஏறினாதான் திறக்கும், வேக்குவத்த அது என்ன பண்ணும்? கான்ட்ராக்டர்கிட்ட இத கேளுங்க.

வால்வ்_அண்ணன்_கேஎல்:
செக் வால்வ் ஸ்விங் டைப்தானே? தண்ணி திரும்பி ஓட ஆரம்பிச்ச பிறகுதான் அந்தத் தட்டு வந்து அறையும். ஸ்ப்ரிங் வச்ச நாசில் டைப் மாத்துங்க, தட்டு நகர்ற தூரம் கம்மி, தண்ணி திரும்புறதுக்குள்ள மூடிக்கும். அது மட்டும் பத்தாது, செக் வால்வ தாண்டி லைன்ல ஒரு சர்ஜ் வெசல் (காத்தும் தண்ணியும் அழுத்தத்துல இருக்குற டேங்க்) வேணும், பம்ப் நின்னதும் அதுக்குள்ள இருக்குற காத்து தண்ணிய லைனுக்குள்ள தள்ளும், வேக்குவம் வராது. சைஸ் மட்டும் குத்துமதிப்பா போடாதீங்க, சர்ஜ் அனாலிசிஸ் (லைன்ல ப்ரெஷர் திடீர்னு ஏறி இறங்குற கணக்கு) செய்றவங்க கணக்கு போட்டுத் தரட்டும். விஎஸ்டி (மோட்டார் வேகத்தக் கூட்டிக் குறைக்கிற கன்ட்ரோல்) நீங்களா பம்ப நிறுத்துறப்ப உதவும், கரண்டே இல்லன்னா அதுவும் செத்துப்போகும் லா.

பிறை_பம்ப்ரூம்:
நன்றிண்ணே. ஸ்விங் டைப்தான். நடுவுல ஒரு மேட்டுல ஏர் வால்வ் இருக்கு, இன்னைக்குப் போய் பாத்தா அது கசியுதுன்னு யாரோ கீழ உள்ள ஐசொலேஷன் வால்வ மூடி வச்சிருக்காங்க, ஹேண்டில்ல கம்பி சுத்தி துரு பிடிச்சிருக்கு. திறந்து விட்டுடவா?

கிள்ளான்_லைன்மேன்:
இடைவெளி விழுறதே அந்த மேட்டுலதான் இருக்கணும். ஆனா சும்மா திறக்காதீங்க, ஏர் வால்வ் காத்த வேகமா வெளிய விட்டாலும் தண்ணி வந்து அடிக்கும். காத்த சட்டுனு உள்ள இழுத்து மெதுவா வெளிய விடுற டைப் போட்டுட்டுத் திறங்க. அங்கயும் பம்ப் பக்கத்துலயும் ஒரு ட்ரான்சியன்ட் லாகர் (சட்டுனு மாறுற ப்ரெஷர பதிவு பண்ற கருவி) மாட்டுங்க, செகண்டுக்கு 100 தடவையாவது ரெக்கார்ட் பண்ணணும், முள் கேஜ் இந்த அடிய காட்டவே காட்டாது. அதுவரைக்கும் மழை இருட்டிக்கிட்டு வந்தா ஃப்ளோவ பாதியாக்கி ஓட்டுங்க, அடி முழுசா போகாது ஆனா குறையும். கசியுற ஃபிளேஞ்ச் பக்கம் கயிறு கட்டி ஆளுங்கள போக விடாதீங்க தம்பி, அத இன்னைக்கே செஞ்சிடுங்க.