தரங்கம்பாடி 1733, இன்று: இரட்டைக்கால நாவலில் எது நிற்கிறது, எது சரிகிறது

நூலகத்திண்ணை:
தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றை வைத்து, ஓர் அத்தியாயம் அன்று, ஓர் அத்தியாயம் இன்று என்று போகும் நாவல்களை எழுதுகிறவர்களுக்கும், அவற்றின் கைப்பிரதியைத் திருத்துகிறவர்களுக்கும் இந்த இழை. ஊர் ஒன்றே இருக்கட்டும், தரங்கம்பாடி. 1706 ஜூலை 9ஆம் தேதி ஜெர்மன் லுத்தரன் மிஷனரிகளான சீகன்பால்கும் புளூட்சோவும் வந்து இறங்கிய, டேனியர் ஆண்ட ஊர். அன்றைய கதை 1733ஐச் சுற்றி. இன்றைய கதையில் ஒரு பெண் தன் குடும்பத்தின் வேரைத் தேடி வருகிறாள். இப்படி ஒரு நாவல் எந்த இடத்தில் இடறும், ஏன் இடறும், எப்படிச் சரிசெய்யலாம் என்று பார்த்தவர்கள் எழுதுங்கள். பாராட்டும் சாட்சியும் வேறு இழையில் வைத்துக்கொள்வோம்.

பழஞ்சுவடி:
முதலில் இடறுவது இரண்டு காலத்தையும் கட்டுகிற பொருள். பெரும்பாலும் டிரங்குப் பெட்டியைத் திறந்ததும் ஓர் ஓலைக்கட்டு கிடைக்கும். பேத்தி அதை எடுத்து மளமளவென்று வாசித்து அழுவாள். இது நடக்காது.

ஓலையை அருகில் வைத்துப் பாருங்கள். எழுத்தாணியால் கீறிய எழுத்து அப்படியே கண்ணுக்குத் தெரியாது. கரியும் இலைச்சாறும் தடவித் துடைத்தால்தான் கீறலுக்குள் கறுப்பு நின்று எழுத்து எழும். எழுந்த பிறகும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு. ரகரமும் துணைக்காலும் ஒரே உருவம், அதனால் ‘கர’வா ‘கா’வா என்று இடம் பார்த்துத்தான் சொல்ல முடியும். சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. பள்ளித் தமிழ் மட்டும் தெரிந்தவர் ஒரு வரியிலேயே நின்றுவிடுவார்.

இந்தத் தடையையே கதையாக்கலாம். ஓலையைப் படிக்கத் தெரிந்த ஒருவர் தேவை. அவர் முதலில் ஒரு பெயரை ஒரு விதமாகப் படிக்கிறார், நாற்பது பக்கம் தள்ளி அது வேறு பெயர் என்று தெரியவருகிறது. செயற்கையாக ஒரு மர்மத்தைப் புகுத்த வேண்டிய தேவையே இல்லை, எழுத்துமுறையே அதைத் தந்துவிடுகிறது.

மற்ற பொருள்களுக்கும் இப்படி எல்லை உண்டு. அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாடு என்றால், சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714, மீதி 1715. 1733இல் உபதேசியார் (சபையில் வேதம் கற்பிப்பவர்) வீட்டில் ஒரு பிரதி இருந்தால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். கூலிக்குப் போகிறவர் வீட்டில் இருந்தால், எப்படி வந்தது என்று கதை சொல்லியாக வேண்டும். கல்லறைக்கல் என்றால், அந்தக் காலத்தில் பெயர் வெட்டிய கல் பெரும்பாலும் ஐரோப்பியருடையது. தமிழ்ப் பாத்திரத்துக்குக் கல் வைத்தால் அதற்கும் காரணம் வேண்டும்.

கொள்ளிடக்கரை:
சுவடி ஐயா சொன்னதோடு ஞானஸ்நானப் பதிவேட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கைப்பிரதிகளில் கதாநாயகி ஆலய அலுவலகத்துக்குப் போவாள், ஐயர் (சபைக் குரு) பதிவேட்டைத் திறப்பார், பத்துத் தலைமுறையும் வரிசையாக வந்து நிற்கும். தலைமுறைக்கு 28 ஆண்டு என்று வைத்தாலே 1733இலிருந்து இன்றுவரை பத்துத் தலைமுறை ஆகிறது. கடற்காற்று, பூச்சி, தாளையே அரிக்கும் பழைய மை, ஊர்விட்டு ஊர் போன குடும்பம் என்று இத்தனையும் தாண்டி ஒரு சங்கிலி அறுபடாமல் வருவது அரிதிலும் அரிது.

நம் பெயர்முறையும் குறுக்கே வரும். குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான் கூட வருகிறது. ‘ஜெ. சாமுவேல்’ என்ற பதிவில் அந்த ‘ஜெ’ ஜெபமணியா, ஜெயராஜா, ஜெகநாதனா? ஒரே சபையில் ஒரே தலைமுறையில் நான்கு சாமுவேல், ஆறு மரியாள் இருப்பார்கள். ஞானஸ்நானத்தில் பெயர் மாறியிருந்தால் பழைய பெயரைச் சில பதிவுகளில் மட்டுமே குறித்திருப்பார்கள். குடும்ப நினைவில் அது இரண்டு தலைமுறையில் மறைந்துவிடும்.

வழி என்ன? கீழிருந்து மேலே நான்கு தலைமுறை உறுதியாகப் போகட்டும். பெயரை வைத்து மட்டும் நம்பாமல் பெயர், ஊர், தொழில், ஞானப்பெற்றோர் ஆகிய நான்கில் குறைந்தது மூன்று பொருந்தினால்தான் ஒரே ஆள் என்று எடுத்துக்கொள்ளும் ஒழுங்கைப் பாத்திரத்துக்குக் கொடுங்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கம் நல்ல துப்பு, ஆனால் துப்பு மட்டுமே. நடுவில் நான்கைந்து தலைமுறை இருட்டாகவே இருக்கட்டும். அந்த இருட்டை வாசகர் பார்த்துக்கொள்வார், ஏனென்றால் அன்றைய அத்தியாயங்கள் வழியாக அவருக்கு மட்டும் விடை தெரியும். பாத்திரத்துக்குத் தெரியாதது வாசகருக்குத் தெரிவதுதான் இந்த வகை நாவலின் தனி பலம். எல்லாவற்றையும் அவளே கண்டுபிடித்துவிட்டால் அந்தப் பலம் வீணாகிறது.

இன்னொன்று. லண்டனில் இருக்கும் பிரிட்டிஷ் நூலகத்தின் சென்னை மாகாணத் திருச்சபைப் பதிவுகளில் கதாநாயகி தன் தமிழ் மூதாதையரைக் கண்டுபிடிப்பதாக வைக்காதீர்கள். அவை பெரும்பாலும் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் பற்றியவை. அதோடு தரங்கம்பாடி 1845 வரை டேனியர் கையில் இருந்த ஊர்.

மறைவாசகி:
அடையாளம், சொந்தம் என்று பேசிவிட்டுச் சாதியைத் தொடாமல் போகும் கைப்பிரதிதான் என்னைப் பொறுத்தவரை மிகப் பெரிய பிழை. இது பின்னணித் தகவல் இல்லை, கதையின் நடுத்தூண்.

1733 ஏன் முக்கியம் என்று பாருங்கள். அந்த ஆண்டு டிசம்பர் 28இல் ஆரோன் குருப்பட்டம் பெற்றார், இந்தியாவின் முதல் லுத்தரன் நாட்டுக் குரு. கடலூரில் ஆறுமுகமாகப் பிறந்தவர். வெள்ளாளர், வணிகர் குடும்பம், 1718இல் ஞானஸ்நானம். அதே காலத்தில் இராஜநாயக்கன் என்ற உபதேசியார் இருந்தார். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, தஞ்சை அரசரின் படையில் இருந்து, அச்சான தமிழ்ச் சுவிசேஷத்தைப் படித்து வந்தவர். உழைப்பிலும் பேச்சிலும் எவருக்கும் குறைந்தவர் இல்லை. ஆனால் பறையர் குலம். உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் அவர் கையால் நற்கருணை வாங்கத் தயங்குவார்கள் என்பது மிஷனரிகளின் கணக்கு. குருப்பட்டம் அவருக்கு வரவில்லை. அவர் உபதேசியாராகவே பல ஆண்டுகள் உழைத்தார்.

இந்த ஒரு முடிவிலேயே முழு நாவலும் இருக்கிறது. கிறிஸ்துவில் எல்லாரும் ஒன்று என்று காலையில் பிரசங்கம் கேட்ட மனிதர், அதே ஆலயத்தில் எங்கே உட்கார வேண்டும் என்று தெரிந்துதான் உட்கார்ந்தார். 1718இல் பிரதிஷ்டையான புதிய எருசலேம் ஆலயம் சிலுவை வடிவம். சபையார் சாதி வாரியாகப் பிரிந்து உட்காரும் வழக்கம் அங்கே இருந்தது. எழுதும்போது யார் எந்தப் பக்கம் உட்காருகிறார், நற்கருணைக்கு யார் முன்னே போகிறார், யார் காத்திருக்கிறார் என்று முதலில் ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். பிறகு அந்தக் காட்சியை விளக்கமே இல்லாமல் எழுதுங்கள்.

தலைகீழான பிழையும் உண்டு. 1733இன் பாத்திரம் இன்றைய மேடைப் பேச்சாளர்போல ‘என் அடையாளம் என்ன’ என்று கேட்பது. அவருக்கு அந்தக் கேள்வி வேறு உருவில் வரும்: யார் வீட்டில் தண்ணீர் கிடைக்கும், மகளுக்குச் சம்பந்தம் எங்கிருந்து வரும், செத்தால் எந்த மண்ணில் வைப்பார்கள். இந்த மூன்றையும் காட்டினால் போதும்.

1707 மே மாதம் முதலில் ஞானஸ்நானம் பெற்ற ஐவரும் ஐரோப்பியர் வீட்டு அடிமைகள் என்பதையும் மறக்க வேண்டாம். மூதாதை என்றாலே வியாபாரியோ பண்டிதரோ என்று வைக்கும் பழக்கத்தை இந்த ஒரு தகவலே உடைத்துவிடும்.

நூலகத்திண்ணை:
வாசகி அக்கா, கிறிஸ்தவர் அல்லாத அக்கம்பக்கத்தாரின் குரலுக்கு ஆதாரம் எங்கே கிடைக்கும்? எல்லாமே மிஷனரி எழுதியதாக இருக்கிறதே.

மறைவாசகி:
மலபார் கடிதங்களைப் பாருங்கள். மிஷனரிகள் கேட்ட கேள்விகளுக்குத் தமிழர்கள் 1712 முதல் 1714 வரை எழுதிய 99 பதில்கள், ஜெர்மன் மொழியில், இந்த மிஷனுக்குத் துணைநின்ற ஜெர்மன் நகரமான ஹாலேயில் வெளிவந்தன. தங்கள் சமயத்தை, திருமணத்தை, வைத்தியத்தை அவர்களே விளக்குகிறார்கள். ஐரோப்பியரின் குடியையும் நடத்தையையும் நேராகக் கண்டிக்கிறார்கள். படிக்கும்போது ஒரு கவனம் தேவை: கேள்வி மிஷனரியுடையது, மொழிபெயர்ப்பும் மிஷனரியுடையது. ஹாலேயில் அச்சான மிஷன் அறிக்கைகளுக்கும் இதே கவனம். நன்கொடை தரும் வாசகருக்கு ஏற்றபடி வெட்டித்தான் அச்சுக்குப் போயின. கையெழுத்துப் பிரதிகள் ஹாலே நகரின் பிராங்கே நிறுவனக் காப்பகத்தில் இருக்கின்றன. பழைய ஜெர்மன் கையெழுத்து அது. நல்ல ஜெர்மன் தெரிந்தவருக்கும் தனிப் பயிற்சி இல்லாமல் ஓடாது. கதாநாயகி கைபேசி மொழிபெயர்ப்பை நீட்டி வாசிப்பதாக எழுதினால் நம்பமாட்டார்கள்.

பாய்மரம்:
கால ஓட்டம் பற்றி. கோபன்ஹேகனில் 1705 நவம்பர் கடைசியில் கப்பல் ஏறிய சீகன்பால்கும் புளூட்சோவும் தரங்கம்பாடிக்கு வந்தது 1706 ஜூலை. ஏழு மாதத்துக்கு மேல். ஒரு கடிதம் போய்ப் பதில் வர, கப்பல் பருவத்துக்குக் காத்திருப்பதையும் சேர்த்தால், ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டு. ‘அடுத்த மாதம் ஹாலேயிலிருந்து பதில் வந்தது’ என்று ஒரு வரி எழுதினால் மொத்தக் கதைக்கட்டும் ஆட்டம் காணும். கேள்வி அனுப்பும் அத்தியாயத்துக்கும் பதில் வரும் அத்தியாயத்துக்கும் நடுவில் ஒரு குழந்தை பிறந்து நடக்கவே தொடங்கியிருக்கும். அனுமதி கேட்டு எழுதியவர் பதில் வருவதற்குள் இறந்தும் போயிருக்கலாம். சீகன்பால்கே 1719 பிப்ரவரியில் 36 வயதில் போய்விட்டார்.

தேதியில் ஒரு பொறி: டென்மார்க் 1700இலேயே புதிய நாட்காட்டிக்கு மாறிவிட்டது, ஆங்கிலேயர் 1752இல்தான் மாறினார்கள். ஆகவே 1733இல் சென்னையிலும் கடலூரிலும் ஆங்கிலேயர் எழுதிய தேதி தரங்கம்பாடித் தேதியைவிட 11 நாள் பின்னால் நிற்கும். தரங்கம்பாடியில் ஜூன் 20 என்றால் சென்னையில் ஜூன் 9. புறப்படும் முன்பே போய்ச் சேர்ந்ததுபோல ஒரு கடிதம் தெரிந்தால் அது ஆவணப் பிழை ஆகாது. இன்றைய பாத்திரம் அதைப் பிழை என்று நினைத்து ஒதுக்கிவைத்து, பிறகு உண்மை தெரிந்து திரும்ப எடுப்பதாக ஒரு திருப்பமே வைக்கலாம்.

கொள்ளிடக்கரை:
சின்னச் சின்னப் பிழைகள், கைப்பிரதி சரிபார்க்கும்போது உதவும்:

இன்று நிற்கும் வெள்ளை நகர வாயில் 1792இல் கட்டியது. 1733இன் பாத்திரத்தை அதன் வளைவுக்குள் நடக்கவிட்டு வருணிக்காதீர்கள். டான்ஸ்போர்க் கோட்டை 1620, சீயோன் ஆலயம் 1701, இரண்டும் சரி. மாசிலாமணிநாதர் கோயில் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கம். அன்று அதற்கும் கடலுக்கும் நடுவில் இன்றைவிட அதிகம் மண் இருந்தது.

வேதநாயக சாஸ்திரியார் பிறந்தது 1774. அவர் கீர்த்தனையை 1733இல் பாட வைத்த கைப்பிரதிகள் உண்டு. அந்தச் சபை பாடியது ஜெர்மன் ராகத்தில் அமைந்த தமிழ் ஞானப்பாட்டுகள். வேத வசனமும் அப்படித்தான், இன்று நாம் வாசிக்கும் ‘பழைய திருப்புதல்’ என்ற வேதாகம மொழிபெயர்ப்பு 1871இல் வந்தது. 1733இன் வாயில் அதன் வரிகள் வரக்கூடாது. கடவுளைச் சீகன்பால்கு ‘சறுவேசுரன்’ என்றுதான் எழுதினார். அந்த ஒரு பெயரை மட்டும் சரியாக வைத்தாலே உரையாடலின் நிறம் மாறிவிடும்.

சமையலில் தக்காளியும் உருளைக்கிழங்கும் வேண்டாம். விடியற்காலைக் காப்பியும் வேண்டாம்.

இன்றைய பகுதியிலும் பிழை வரும். தரங்கம்பாடி 2020 கடைசியில்தான் மயிலாடுதுறை மாவட்டத்துக்கு வந்தது. கதை 2015இல் நடந்தால் நாகப்பட்டினம் மாவட்டம். 2004 டிசம்பர் 26 சுனாமியை இந்த ஊரில் வாழும் எந்தப் பாத்திரமும் மறந்திருக்காது.

பதிப்புமேசை:
அமைப்புக்கு வருகிறேன். 80,000 சொல் நாவல் என்றால் அன்றைய காலத்துக்கு 45,000, இன்றைக்கு 35,000 என்று கொடுங்கள். அன்றைய அத்தியாயம் 2,500 முதல் 3,000 சொல் வரை, இன்றையது 1,500 முதல் 2,000 வரை. அன்றைய உலகத்தை வாசகர் கண்முன் கட்டி எழுப்ப இடம் வேண்டும், இன்றையது அவருக்குத் தெரிந்த உலகம். முதல் மாற்றம் 3,000 சொல்லுக்குள் நடந்துவிடட்டும். தாமதித்தால் இரண்டாவது காலம் ஒட்டுப்போட்டதுபோல நிற்கும்.

ஒன்றுவிட்டு ஒன்று என்று கடைசிவரை கடிகாரம்போல மாற்றாதீர்கள். குருப்பட்ட அத்தியாயத்தைப்போல் கனமான இடத்தில் அன்றைய காலத்திலேயே இரண்டு, மூன்று அத்தியாயம் தொடர்ந்து நிற்கலாம். மாறும் இடம் ஒரு கேள்வியில் இருக்கட்டும். இன்றைய பெண் பதிவேட்டில் அடித்துத் திருத்திய ஒரு பெயரைப் பார்க்கிறாள், அங்கே வெட்டுங்கள். அடுத்த அத்தியாயம் அந்தத் திருத்தம் நடந்த நாளுக்கு நேராகப் போக வேண்டாம், அதற்கு ஓராண்டு முன்னால் தொடங்கட்டும்.

இன்றைய பகுதி சோர்ந்துபோவதற்குக் காரணம் எப்போதும் ஒன்றுதான். அவளுக்குத் தேடுவதைத் தவிர வேறு நெருக்கடி இருக்காது. சபைத் தேர்தல் தகராறு, கல்லறைத் தோட்டத்தில் இடம் மறுப்பது, சாதிச் சான்றிதழில் மதம் என்னவென்று எழுதும் கேள்வி என்று அன்றைய கேள்வியே இன்று வேறு உடுப்பில் வரும் ஒரு சிக்கலை அவளுக்குக் கொடுங்கள். பட்டியல் சாதியில் பிறந்து கிறிஸ்தவரானவருக்கு 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி அந்தத் தகுதி இல்லை. பிறகு சீக்கியரும் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. இராஜநாயக்கனின் அத்தியாயத்துக்கு அடுத்ததாக ஒரு வட்டாட்சியர் அலுவலக வரிசையை வைத்தால் இரண்டு காலமும் தாமாகவே ஒட்டிக்கொள்ளும்.

நூலகத்திண்ணை:
மனந்திரும்பும் காட்சியை எப்படி எழுதுவது? பலர் அங்கேதான் பிரசங்கத்தில் விழுகிறார்கள்.

மறைவாசகி:
ஒரே இரவில் முடிக்காதீர்கள். அன்றைய மிஷனில் ஞானஸ்நானத்துக்கு முன் ஞானோபதேசம் கற்க வேண்டும், கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம் ஆகியவற்றை மனப்பாடம் செய்யும் வாரங்களைக் காட்டுங்கள். அந்த வாரங்களில் வீட்டார் என்ன செய்தார்கள், யார் பேச்சை நிறுத்தினார்கள், எந்தக் கட்டளையில் அவர் நாக்கு தடுமாறியது என்று எழுதுங்கள். ‘தகப்பனையும் தாயையும் கனம்பண்ணு’ என்று படித்துக்கொண்டே தகப்பன் சொல்லை மீறிப் போகிறவர் அவர். பிரசங்கம் ஒரு வரிகூடத் தேவைப்படாது.

பாய்மரம்:
எழுதத் தொடங்கும் முன் ஒரு பெரிய தாளில் நான்கு நெடுவரிசை போடுங்கள்: தரங்கம்பாடித் தேதி, ஆங்கிலேயர் தேதி, தமிழ் மாதம், கப்பல் வரத்து. ஒவ்வொரு அத்தியாயத்தையும் அதில் குறியுங்கள். ஐப்பசி கார்த்திகையில் இந்தக் கரையில் கப்பல் நிற்பதே ஆபத்து. அந்த மாதங்களில் ஐரோப்பாவிலிருந்து கடிதம் வந்து இறங்கும் அத்தியாயம் எதுவும் இருந்தால் முதலில் அதை நகர்த்திவிட்டு மற்றதை எழுதுங்கள்.