பூனை தாதா தயார், நாயகனுக்கு விலங்கு தேவை

குழுவினருக்கு வணக்கம். காட்பாடியில் எங்கள் தெருப் பிள்ளைகள் பொங்கல் விழாவில் நடிப்பதற்காக, புகழ்பெற்ற குற்றப் படங்களை விலங்குகளை வைத்துக் கேலி செய்யும் கற்பனைப் படங்களை எழுதி வருகிறேன். 1972இல் வெளிவந்த 'காட்ஃபாதர்' படத்தின் தொடக்கத்தில் மார்லன் பிராண்டோவின் மடியில் ஒரு பூனை இருக்கும் அல்லவா? எங்கள் கதையில் அந்தப் பூனைதான் தாதா. ஆம்பூர் பிரியாணிக் கடை வாசலில் விழும் எலும்புகளுக்குக் கப்பம் வசூலிக்கும் அது, நீதி கேட்டு வரும் தெருநாயை ஏறெடுத்தும் பாராமல், முன்னங்காலை நக்கிக்கொண்டே தீர்ப்புச் சொல்கிறது. 1987இல் வந்த 'நாயகன்' படத்தில்தான் சிக்கிக்கொண்டேன். வேலு நாயக்கராகப் பாலாற்று மணலில் பொதி சுமக்கும் கழுதையை வைப்பதா, கோட்டை மதில்மேல் உலவும் குரங்கை வைப்பதா? (என் ஓட்டு கழுதைக்கே, அழும் காட்சிக்கு அதன் குரல் போதும்.) பொருத்தமான விலங்கையும் ஒரு சிலேடைத் தலைப்பையும் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லி உதவ வேண்டுகிறேன்.